தனி ஆளாக அனிமேஷன் படம் எடுக்க: கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் போன பாதை

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை ‘ஃப்ளோ’ வாங்கியது. போட்டியில் இருந்தவை ‘இன்சைட் அவுட் 2’, ‘தி வைல்ட் ரோபாட்’ மாதிரி பணத்தைக் கொட்டி எடுத்த படங்கள். இதுவோ சுமார் 19 லட்சம் பேர் வாழும் லாட்வியாவிலிருந்து வந்த, வசனமே இல்லாத பூனைப் படம். பட்ஜெட் 35 லட்சம் யூரோ. எடுத்த மென்பொருள், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர். அந்த வாரம் "இலவச மென்பொருளுக்கு ஆஸ்கரா!" என்று எல்லாரும் பகிர்ந்தார்கள், சிலர் பிளெண்டரை இறக்கியும் பார்த்தார்கள், திறந்ததும் நடுவில் நிற்கும் அந்தச் சாம்பல் கனசதுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

தனியாக உட்கார்ந்து அனிமேஷன் பழக நினைப்பவர்களுக்கு ஆஸ்கரால் பெரிய பிரயோஜனம் இல்லை. பிரயோஜனம் அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷத்தில் இருக்கிறது. இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 1994இல் பிறந்தவர், சினிமாப் பள்ளிக்குப் போகாதவர். பள்ளி மாணவராக இருக்கும்போதே 2012இல் ‘அக்வா’ என்ற குறும்படம், 2014இல் ‘பிரயாரிட்டீஸ்’, ‘ஃபாலோயர்ஸ்’, 2015இல் ‘இனாடிபிள்’, 2017இல் ‘ஒயேஸிஸ்’. அப்புறம் 2019இல் ‘அவே’ என்று 75 நிமிட முழுநீளப் படம். கதை, இயக்கம், அனிமேஷன், எடிட்டிங், இசை எல்லாமே அவர் ஒருவர்தான். மூன்றரை வருஷம் பிடித்தது. அந்த வரிசையில் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

சினிமாவுக்கு ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படம். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்துவார்கள், ஆக விநாடிக்கு 12 ஓவியம். ஏழு நிமிடக் குறும்படம் என்றால் 420 விநாடி, 5040 ஓவியம். அது கோட்டுப்படம் மட்டும். வண்ணமும் பின்னணியும் தனி. பத்து நிமிடத்துக்குக் கதை எழுதி வைத்துக்கொண்டு ‘முதல் முயற்சி’ என்று கிளம்புகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும், பாதிக் கதை தானாகக் குறையும்.

‘அவே’ கணக்கையும் போடுங்கள். 75 நிமிடம் என்பது 4500 விநாடி. மூன்றரை வருஷம் என்பது ஏறத்தாழ 1280 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு மூன்றரை விநாடி. ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் சேர்த்து, இசை போட்ட நாளும் எடிட் பண்ணிய நாளும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. தனி ஆளுக்கு இது அசுர வேகம். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே செய்கிறவர் நாளைக்கு அரை விநாடி என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அப்படியென்றால் ஒரு நிமிடப் படத்துக்கு நான்கு மாதம். முதல் படம் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். தயவுசெய்து அகலக்கால் வைக்காதீர்கள்.

விரலுக்கேற்ற கதை

எல்லாரும் கதையை முதலில் எழுதிவிட்டு, அதை எப்படி எடுப்பது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். தயாரிப்பாளரும் நூறு பேரும் இருக்கிற இடத்தில் அது சரி. தனி ஆள் தலைகீழாகப் போகவேண்டும்: எனக்கு எதெல்லாம் வராது என்று முதலில் பட்டியல் போட்டு, அந்த இல்லாமைகளுக்குள்ளேயே நிற்கும் கதையைத் தேடவேண்டும். ஜில்பலோடிஸின் ஆரம்பப் படங்களில் நான் பார்த்த மிகப் பெரிய சாமர்த்தியம் இதுதான்.

‘பிரயாரிட்டீஸ்’ ஒரு தீவில் மாட்டிக்கொண்ட விமானியும் அவன் நாயும். ‘அவே’ பாராசூட்டில் வந்து ஒரு தீவில் விழுந்து கிடக்கும் பையன். இரண்டிலும் தீவு. ஏன்? தீவில் கூட்டம் இல்லை, கடைத்தெரு இல்லை, பேச ஆளே இல்லை. ஊரில் நடக்கும் கதை என்றால் பின்னால் இருபது பேராவது நடக்கவேண்டும், இருபது பேருக்கும் சட்டை தைக்கவேண்டும். ‘அவே’யில் அந்தப் பையனைத் துரத்துவது முகமே இல்லாத ஒரு கருப்பு ராட்சத உருவம், மெதுவாக, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவருக்குப் பயம். அனிமேட்டர் கண்ணால் பார்த்தால், முகபாவம் வேண்டாம், உதட்டசைவு வேண்டாம், ஒரு நடையை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதைப் படம் முழுக்க ஓடவிடலாம். பையனுக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கிறது. இதுவும் அப்படித்தான், ஓடுகிற மனிதனை அனிமேட் செய்வது நரக வேலை, வண்டியில் உட்கார்ந்திருப்பவனைச் செய்வது எவ்வளவோ தேவலாம். சக்கரம் சுற்றுகிறது, சட்டை படபடக்கிறது, நிலப்பரப்பு பின்னால் போகிறது, காட்சி நிரம்பிவிடுகிறது.

வசனம் இல்லாததும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். உதட்டசைவு மிச்சம், குரல் நடிகர் மிச்சம், அப்புறம் வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போது சப்டைட்டிலும் மிச்சம். ஆனால் ஒன்று, வசனம் இல்லாத படத்தில் சோம்பேறித்தனம் உடனே தெரிந்துவிடும். அவனுக்கு என்ன வேண்டும், குறுக்கே என்ன நிற்கிறது, இரண்டும் பார்த்த மாத்திரத்தில் புரியவேண்டும். பையன் மலைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும், பின்னால் ராட்சதன் வருகிறான், அவ்வளவுதான். ஒரு வரி.

இது இவருடைய தனிப்பட்ட தந்திரம் மட்டும் இல்லை. ஜப்பானில் மகோட்டோ ஷின்காய் கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தபடி 1999இல் ஐந்து நிமிடக் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார், அதுவும் பூனைதான். 2001இல் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் கணினியில் 25 நிமிடப் படம் ஒன்றை ஏறத்தாழத் தனியாளாக முடித்தார். 2002இல் வெளிவந்த ‘வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’ அது. அதன் கதை என்ன? காதலி விண்வெளியில், காதலன் பூமியில், இருவருக்கும் நடுவில் செல்போன் குறுஞ்செய்தி. இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் நின்று நடிக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. முதல் பதிப்புக்கு அவரும் அப்போது அவரோடு மணம் நிச்சயமாகியிருந்த பெண்ணுமே குரல் கொடுத்தார்கள். விரலுக்கேற்ற வீக்கம்.

ஆகவே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். கூட்டம் வராது. துணியின் மடிப்பு வராது. கைவிரல் வராது (யாருக்குமே சுலபத்தில் வராது). தண்ணீர் வராது. இதெல்லாம் இல்லாமல் என்ன நடக்கலாம்? அங்கே தொடங்குங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று கதைக்குள் விடுங்கள், அதுதான் இந்தப் படத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது. ‘அக்வா’ கையால் வரைந்தது, தண்ணீரைக் கண்டு பயப்படும் பூனையின் கதை. தண்ணீரைத் திருப்தியாகச் செய்யப் பிற்பாடு ஒரு குழுவும் சில வருஷமும் கிடைத்தபோது அதே பூனையை எடுத்துத்தான் ‘ஃப்ளோ’ செய்தார்.

கருவி

இதில் நேரத்தை வீணாக்கவேண்டாம். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். இரு பரிமாணத்தில் வரையவேண்டும் என்றாலும் அதற்குள்ளேயே கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவி இருக்கிறது. காகிதத்தில் வரைகிற உணர்வு வேண்டுமென்றால் கிரிட்டா, அதுவும் இலவசம். ஒலிக்கு ஆடாசிட்டி, எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. ஜில்பலோடிஸ் ‘அவே’யை மாயா என்ற இன்னொரு மென்பொருளில் செய்தார், 2019இல்தான் பிளெண்டருக்கு மாறினார். மாறியதற்கு முக்கியக் காரணம் ஈவீ.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாதாரணக் கணினி வைத்திருப்பவரின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. பிளெண்டரில் ரெண்டர் செய்ய, அதாவது அமைத்த காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்க, முக்கியமாக இரண்டு வழி. சைக்கிள்ஸ், ஒளி நிஜத்தில் எப்படித் தெறிக்குமோ அப்படிக் கணக்குப் போடும். அழகு, ஆனால் மெதுவு. ஈவீ, கேம்களைப் போல வேகமாக உத்தேசம் போட்டுக் காட்டும். ஃப்ரேமுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 75 நிமிடப் படத்தின் 1,08,000 ஃப்ரேமுக்கு 750 நாள், இரவும் பகலும். அதையே ஃப்ரேமுக்குப் பத்து விநாடியில் முடித்தால் பன்னிரண்டரை நாள். ‘ஃப்ளோ’ ஈவீயில், ஒரு ஃப்ரேமுக்கு அரை விநாடி முதல் பத்து விநாடிக்குள் ரெண்டர் ஆனது, அதுவும் 4கே அளவில். பல கணினிகளைக் கோத்த ரெண்டர் பண்ணையே தேவைப்படவில்லை. வேகத்தால் நேரம் மிச்சமாவதோடு இன்னொன்றும் கிடைக்கிறது, திருத்தத் துணிச்சல் வருகிறது. ஒரு ஷாட் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிட்டு மறுபடி ரெண்டர் போடலாம். இரண்டு நாள் ஓடிய ஷாட்டை யாரும் மனசார மாற்றமாட்டார்கள், "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வார்கள்.

பாத்திரத்தை அடியிலிருந்து செய்யத்தான் வேண்டும் என்றில்லை. பிளெண்டரோடு வரும் ரிஜிஃபை என்ற ஆட்-ஆனில் (கூடுதல் நிரலில்) மனிதன், பூனை, ஓநாய், குதிரை, பறவை ஆகியவற்றின் எலும்புக்கூடுகள் தயாராக இருக்கின்றன. பிளெண்டர் ஸ்டுடியோ ‘ரெயின்’ மாதிரி சில முழுப் பாத்திரங்களை இலவசமாகவே தருகிறது, பெயர் போட்டு நன்றி சொன்னால் போதும். அனிமேஷன் பழக அதுவே தாராளம். மாடலிங் (உருவம் செய்வது), ரிக்கிங் (அதற்கு எலும்புக்கூடு பொருத்துவது), அனிமேஷன், ஒளியமைப்பு நான்கையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்ள முயல்கிறவர் நான்கையும் வெறுத்துவிடுவார்.

ஒரு பூனை, ஒரு மதில்

பயிற்சிக்கு ஒரே ஷாட். பூனை மதிலிலிருந்து கீழே குதிக்கிறது. நான்கு விநாடி, 96 ஃப்ரேம்.

முதலில் கணினியைத் தொடாதீர்கள். ஃபோனில் விநாடிக்கு 60 ஃப்ரேம் வைத்துத் தெருப் பூனையைப் படம் பிடியுங்கள், தேவைப்பட்டால் கருவாடு உதவும். அதை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். குதிப்பதற்கு முன் பூனை என்ன செய்கிறது என்று நாம் யாரும் சரியாகப் பார்த்திருக்கமாட்டோம். முன்னங்கால்களை மதிலின் முகப்பிலேயே கீழ்நோக்கிச் சறுக்கி நீட்டும், உடம்பு நீளும், பின்பாகம் இன்னும் மேலேயே இருக்கும், தோள்பட்டை எலும்பு தோலுக்கு வெளியே துருத்தும். குதிக்கப்போகும் தூரத்தை அப்போதே பாதி குறைத்துவிடும். ஒரு முறை தலையை இடமும் வலமும் ஆட்டித் தூரத்தை அளக்கும். ‘ஃப்ளோ’வின் விலங்குகளுக்கு மோஷன் கேப்சர் (நிஜ அசைவைக் கருவியால் பதிவு செய்வது) கிடையாது, அனிமேட்டர்கள் நிஜ விலங்குகளின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கையால் கீஃப்ரேம் (அசைவின் முக்கிய நிலைகள்) வைத்ததுதான். அந்தப் பூனை மனிதத்தனமாகச் சிரிப்பதோ புருவம் தூக்குவதோ இல்லை என்பதால்தான் நம்பமுடிகிறது.

இப்போது கணினிக்கு வாருங்கள். ஃப்ரேம்கள் வரிசையாக நிற்கும் டைம்லைனில், கீஃப்ரேம்களுக்கு நடுவே வரும் இடைநிலை அசைவைக் கான்ஸ்டன்ட் என்று மாற்றிவிடுங்கள், அப்போது ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு உருவம் தாவும், நடுவில் குழைவு இருக்காது. ஏழு போஸ் மட்டும்: உட்கார்ந்திருப்பது, கீழே பார்ப்பது, முன்னங்காலை நீட்டுவது, மதிலை விட்டது, காற்றில், முன்னங்கால் தரை தொடுவது, நிமிர்ந்து நிற்பது. இந்த ஏழையும் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்து நேரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். புதியவர்கள் ஏழையும் சம இடைவெளியில் வைப்பார்கள், அதனால்தான் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது மாதிரி இருக்கும். தயக்கத்துக்கு நிறைய ஃப்ரேம் கொடுங்கள், நாற்பது ஐம்பது கூடக் கொடுக்கலாம். குதிப்புக்கு எட்டு பத்துதான். தரை தொட்டதும் முன்னங்கால் மடங்கி, இரண்டு மூன்று ஃப்ரேம் கழித்துப் பின்னங்கால் வந்து, வால் கடைசியாக வரும். எல்லா உறுப்பும் ஒரே ஃப்ரேமில் நின்றால் அது பொம்மை.

நேரம் சரியாக உட்கார்ந்த பிறகே இடைநிலையைப் பெஸியருக்கு (குழைவாக நகரும் வகைக்கு) மாற்றி, கிராஃப் எடிட்டரில் அசைவைக் காட்டும் வளைவுகளைத் தொடவேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்து நேராக வளைவுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம், அதற்கப்புறம் ஒரு போஸை மாற்ற நாற்பது கீஃப்ரேமைக் கலைக்கவேண்டி வரும்.

ரெண்டர் போடும்போது நேரடியாக எம்பி4 ஆகப் போடாதீர்கள். பிஎன்ஜி படங்களாக, ஃப்ரேமுக்கு ஒன்று என்று போடுங்கள். 80ஆவது ஃப்ரேமில் கரண்ட் போனால் அந்த 80இலிருந்தே தொடரலாம், வீடியோ கோப்பு என்றால் மொத்தமும் போச்சு. கோப்பைச் சேமிக்கும்போதும் பெயருக்குப் பின்னால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். ‘ஃபைனல்’ என்ற பெயரில் எதையும் சேமிக்காதீர்கள், சத்தியமாக அது ஃபைனலாக இருக்காது.

கேமராவோடு அலையுங்கள்

ஸ்டோரிபோர்டு (ஷாட்களை வரிசையாகக் காட்டும் கோட்டுப்படங்கள்) வரைவதுதான் முறை என்று எல்லாப் பாடங்களிலும் இருக்கும். ஜில்பலோடிஸ் வரைவதில்லை. முப்பரிமாண வெளியில் நிலப்பரப்பைக் கரடுமுரடாக அமைத்து, பாத்திரங்களை அங்கே விட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே திரிந்து ஷாட்டைக் கண்டுபிடிக்கிறார். அதையே அனிமேட்டிக்காக, அதாவது படத்தின் அசையும் முன்வரைவாக, கோத்துக்கொள்கிறார். அவருடைய படங்களில் கேமரா பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நீண்ட நேரம் மிதந்தபடி போவதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

ஓவியக் கை இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். பெட்டிகளை வைத்து மதில், தெரு, மரம் என்று அமைத்துக்கொள்ளுங்கள், பூனைக்குக்கூட ஒரு பெட்டி போதும். பிளெண்டரில் கேமராவைத் திரையில் நாம் பார்க்கும் கோணத்தோடு பூட்டிக்கொண்டு நடங்கள். முழுப் படத்தையும் இந்தப் பெட்டிக் கோலத்திலேயே கோத்து, தற்காலிக இசை போட்டு, தெரிந்தவர் யாருக்காவது காட்டி, அவர் எந்த இடத்தில் ஃபோனை எடுக்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடத்தை வெட்டுங்கள். பெட்டியை வெட்டினால் வலிக்காது, பதினைந்து நாள் உழைத்த ஷாட்டை வெட்டினால் வலிக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு உத்தி, பகுதி பகுதியாகப் பிரிப்பது. ‘அவே’ நான்கு அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனி ஆரம்பம், தனி முடிவு. தனி ஆள் நெடுங்காலம் உழைக்கும் படத்துக்கு இது காப்பீடு மாதிரி: நடுவில் நின்றுபோனாலும் கையில் முடிந்த குறும்படம் ஒன்றாவது இருக்கும்.

ஒலி

படத்துக்கு எட்டு மாதம் செலவு செய்துவிட்டு ஒலிக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குகிறவர்களைத் திருத்தவே முடியாது. வசனம் இல்லாத படத்தில் பாதிக் கதையை ஒலிதான் சொல்கிறது. ஃபோனைப் போர்வைக்குள் வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, துணியில் நடப்பது, சாக்குப்பையைத் தட்டுவது, தண்ணீரில் கைவிடுவது என்று நீங்களே பதிவு செய்யலாம். ‘ஃப்ளோ’வில் விலங்குகளுக்கு நிஜ விலங்கின் குரல்தான், ஆனால் கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு போடும் நிஜச் சத்தம் அந்தச் சாதுப் பாத்திரத்துக்குப் பொருந்தாமல் கீச்சென்று இருந்ததால் குட்டி ஒட்டகத்தின் குரலை வைத்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிஜமா என்று பார்க்காதீர்கள், பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முடித்து அனுப்புவது

முடிந்த ஒரு நிமிடப் படம், முடியாத இருபது நிமிடப் படத்தைவிட நூறு மடங்கு பேசும். ஜில்பலோடிஸிடம் ‘அவே’க்கு முன்பே குறைந்தது ஐந்து முடிந்த படங்கள் இருந்தன. ‘அவே’ 2019இல் பிரான்ஸின் அன்னெசி அனிமேஷன் விழாவில் கான்ட்ரஷாம் என்ற பிரிவின் விருதை வாங்கியது. அந்தப் படத்தைக் காட்டித்தான் லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்று நாடும் சேர்ந்து தயாரிக்கும் அளவுக்கு அடுத்த படம் போனது. அதில் முதன்முறையாகப் பெரிய குழுவோடு வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றும், தனியாகவே இருந்து பழகிய பூனை மற்ற விலங்குகளோடு ஒரே படகில் போகப் பழகும் கதை அங்கிருந்து வந்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் அனுப்பும்போது கவனிக்கவேண்டியவை சில. யூடியூபில் போட்டுவிட்ட படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை, ஆகவே எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும்வரை பூட்டியே வையுங்கள். ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் விண்ணப்பக் கட்டணம் விழாவுக்கு விழா மாறும், சீக்கிரம் அனுப்பினால் பல இடங்களில் குறையும். அனிமேஷனுக்கு என்றே நடக்கும் விழாக்களையும் மாணவர் பிரிவுகளையும் முதலில் பாருங்கள். பெயர் தெரியாத ‘சர்வதேச’ விழாக்கள் மாதம் ஒன்று நடத்தி, கேட்டவருக்கெல்லாம் தேர்வானதாகக் காட்டும் இலைச் சின்னம் கொடுப்பார்கள், அவற்றுக்குக் கட்டணம் கட்டுவதைவிட ஹார்டு டிஸ்க் வாங்கலாம். நல்ல ஸ்டில் இரண்டு, மூன்று வரிக் கதைச்சுருக்கம், உங்களைப் பற்றி ஒரு பத்தி, இவற்றைப் படம் முடிவதற்கு முன்பே தயார்செய்து வையுங்கள்.

அப்புறம் இசை. நண்பர் போட்டுக்கொடுத்தது என்றாலும், இந்தப் படத்துக்கு, விழாக்களுக்கும் இணையத்துக்கும், இன்ன காலத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், படத்தை எங்கேயும் அனுப்புவதற்கு முன்பே.